ஊமைப்படமும் ஊர் மணிக்கூடும்

எங்கள் குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் தொங்கின. ஒன்றில் மொன்றியல் நேரம், மற்றதில் ஊர் நேரம். வெளிநாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலருடைய வீட்டில் இது உண்டு. ஊருக்குப் போன் கோல் எடுக்கமுன் அங்கே சனம் நித்திரையோ முழிப்போ என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கல்யாணம் முடித்து, சென்ட் லோரன்டில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு நான் வந்து இறங்கிய முதல் கிழமையே ஒன்றைக் கவனித்தேன். ஊர் மணிக்கூடு அரை மணித்தியாலம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது.

கதிரையில் ஏறி அதைச் சரியாக்கினேன். பின்னேரம் அவர் தொழிற்சாலையால் வந்தார், தேத்தண்ணி குடித்தார், கதிரையில் ஏறி முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாள் நான் ஏறினேன். பின்னேரம் அவர் ஏறினார். புதுப் பெண்சாதியும் புது மாப்பிள்ளையும் முதல் மாதத்தில் எதற்கெல்லாமோ சண்டை பிடிப்பார்கள். நாங்கள் அந்தக் கதிரையில் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

இது விளங்குவதற்கு எங்கள் நாட்டு விசர்க்கூத்து ஒன்றைச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், கரண்டை மிச்சம் பிடிக்கப்போகிறோம் என்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. கொஞ்சக் காலம் அப்படியும் இப்படியும் ஆட்டிவிட்டு, கடைசியில் அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அரசாங்கத்தின் கையில் இருந்த இடமெல்லாம் புது நேரம். புலிகளின் கையில் இருந்த வன்னி மாற்றவில்லை. வவுனியாவில் பத்தரை என்றால், சோதனைச்சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் பத்து மணி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் புது நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனோம், பழைய நேரத்துக்குக் கோயிலுக்குப் போனோம். பஞ்சாங்கமும் பழைய நேரத்தை விட்டு அசையவில்லை.

அவர் வன்னியில் பிறந்து வளர்ந்தவர். சரி, ஊர்ப்பற்று முற்றிப்போய் மணிக்கூட்டில் காட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் எரிச்சல் வந்தது. ஏனென்றால் அந்த அரை மணித்தியாலத்தோடு எனக்கு முன்னமே ஒரு கணக்கு இருந்தது.

கல்யாணம் பேசி, சாதகமும் பொருந்தி, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருதரம் கதைத்துப் பார்க்கட்டும் என்று முடிவானபோது, ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கோல் எடுப்பதாக இவர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் போன் இல்லை. சந்தியில் இருந்த கொமியூனிகேசன் கடையில் போய்க் காத்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. அது முடிய எடுக்கிறார், விபரம் தெரிந்த மாப்பிள்ளை என்று அப்பா மெச்சினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ராகுகாலம் பழைய நேரத்துக்குத்தான் பிள்ளை. அரசாங்கம் சொன்னாப்போலை ராகு முந்தி எழும்பிப் போயிடுமோ?"

பழைய நேரத்துக்குப் பன்னிரண்டு அடித்த பிறகுதான் என்னை வெளியே விட்டார். சைக்கிளை உழக்கிக்கொண்டு போய், கடைக்குள் நான் கால் வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. கடை முட்டச் சனம். கடைக்காரர் அந்தச் சத்தத்துக்குள் "கனடாக் கோல்" என்று கத்தினார், நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கடவுள் போட்ட முடிச்சு என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். என்னை முதன்முதலில் கூப்பிடவே அரை மணித்தியாலம் பிந்தின மனுசன் இது. மணிக்கூட்டைக் கண்ட பிறகு அது நல்ல வசதியாகப் போயிற்று. "ஆளும் பிந்தி, மணிக்கூடும் பிந்தி" என்று அவரை எத்தனையோ தரம் நக்கலடித்திருக்கிறேன். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

கடைசியில் கதிரை ஏறுவதை நான்தான் நிறுத்தினேன். சண்டையில் தோற்றதாக அல்ல, முழங்கால் நோவென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மொன்றியலில் என்னுடைய மூன்றாவது மாரிக்குளிர். பகலில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பத்து வருசமாக போன்ஜூர், மெர்சி என்ற இரண்டு சொல்லிலேயே இந்த ஊரை ஓட்டியவர். தொழிற்சாலையில் பக்கத்தில் நிற்பவன் தமிழன், முன்னுக்கு நிற்பவன் தமிழன், அவருக்கு என்ன குறை. எங்கள் வகுப்பு மதாம் ஒருநாள் எல்லோருக்கும் இலவச ரிக்கற் தந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய ஊமைப்படம் போடுகிறார்களாம். பேச்சு இல்லை, இடையிடையே எழுத்து வரும், அதை வாசியுங்கள், நல்ல பயிற்சி, வீட்டுக்காரரையும் கூட்டிவாருங்கள் என்றார். இவரை இழுத்துக்கொண்டு போவதற்கு, தொடங்கமுன் கோப்பியும் கேக்கும் தருவார்கள் என்று ஆசை காட்டவேண்டி இருந்தது.

மடக்குக் கதிரைகள், மூலையில் ஒரு பியானோ, அதை வாசிக்க ஒரு கிழவர். விளக்கை அணைத்தார்கள். படத்தில் ஒருவன் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவன். துறைமுகத்துச் சாராயக் கடையில் கோப்பை கழுவுகிற பெண்ணை விரும்புகிறான். எழுத்து வரும்போதெல்லாம் நான் இவருடைய காதுக்குள் தமிழில் சொன்னேன். "விடிய ஆறு மணிக்குக் கப்பல் வெளிக்கிடுதாம். விருப்பமெண்டால் துறைக்கு வரட்டாம். வராட்டி விருப்பமில்லையெண்டு எடுத்துக்கொள்ளுவானாம்."

இவர் கேக்கைத் தின்பதை நிறுத்திவிட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தக் கடை முதலாளி ஒரு கள்ளன். குடிக்க வந்தவர்கள் நேரம் போனது தெரியாமல் இன்னும் ஒரு கிளாஸ் குடிக்கட்டும் என்று கடை மணிக்கூட்டை எப்போதும் பின்தள்ளி வைத்திருப்பான். அவளுக்கு இது தெரியாது. அந்த மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மூட்டை கட்டுகிறாள், தலை சீவுகிறாள், சிரிக்கிறாள். பிறகு ஓடிவருகிறாள். கப்பல் கரையை விட்டுவிட்டது. அவன் மேல்தட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், அவள் கரையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் ஒருதரம் திரும்பியிருந்தால் போதும்.

எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது, மீன் முள் தொண்டையில் சிக்கினவர் போல. திரும்பிப் பார்த்தேன். இவர் அழுதுகொண்டிருந்தார். கண் கலங்குவதல்ல, தோள் குலுங்க அழுகை. எனக்கு முன்னால் இருந்த எங்கள் வகுப்பு அல்ஜீரியாப் பெண்ணும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தாள், அவளுக்கு நான் பாவம் பார்த்தேன். இவரைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த மனுசன் யாருக்கோ அழுகிறது. அந்த யாரோ நான் இல்லை.

படம் இன்னும் கிடந்தது. அவன் பணக்காரனாகித் திரும்பி வருகிறான். வருகிற அன்றைக்குத்தான் அவள் இன்னொருவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயப் படியால் இறங்குகிறாள். அவன் தூணுக்குப் பின்னால் ஒளிகிறான். எழுத்து வந்தது. இவர் மூக்கடைத்த குரலில், "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"பிந்திப்போச்சாம்" என்றேன்.

படியில் நின்ற மாப்பிள்ளையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மொத்தமான ஆள், தொப்பியைக் கையில் பிடித்தபடி எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கென்று ஒரு எழுத்து வரவில்லை, பியானோக் கிழவர் அவனுக்காக ஒரு கட்டையைக்கூட அமத்தவில்லை. அந்தப் படத்தில் நான் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அந்தத் தொப்பிக்காரன்.

வெளியே பஸ் தரிப்பில் குளிர் காதை அறுத்தது. நான் நேரடியாகவே கேட்டேன்.

"ஆருக்கு அழுதனீங்கள்?"

"படம் அப்பிடியப்பா."

"எத்தினை தமிழ்ப்படம் உங்களோடை இருந்து பார்த்திருப்பன்? தாய் செத்த சீனுக்கு மிக்சர் திண்ட ஆள் நீங்கள். எனக்குக் காது குத்தாதேங்கோ."

பஸ் வந்தது. ஏறி இருந்தோம். அவர் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவ்வளவு வயிறு எரிந்திராது.

"ஊரிலை ஒரு பிள்ளை இருந்தவ. ஒண்டாத்தான் ரியூசனுக்குப் போறனாங்கள்."

ஒருவருக்கொருவர் விருப்பம். வாய்விட்டு ஒன்றும் பேசி முடிக்கவில்லை. அதற்குள் இவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டார். இங்கே இருக்கப் பேப்பர் கிடைத்ததும் இவருடைய தாய் பெண் பார்க்கத் தொடங்கினார். இவர் வன்னிக்குப் போகிற ஒருவரிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினார். வன்னியில் போன் இல்லை. இன்ன நாள், காலமை பத்து மணிக்கு, வவுனியாவில் இன்ன கொமியூனிகேசன் கடைக்குக் கோல் எடுப்பேன். விருப்பமென்றால் வந்து நிற்கட்டும். வராவிட்டால் நான் விளங்கிக்கொள்வேன், பேந்து கரைச்சல் தரமாட்டேன்.

"பத்து மணிக்கு எடுத்தன். அப்பிடி ஒருத்தரும் வரேல்லை எண்டு கடைக்காரர் சொன்னார். வச்சிட்டன்."

"பேந்து ஒருக்கா எடுத்துப் பார்க்கேல்லையோ?"

"இல்லை. விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

"அவ வரேல்லைத்தானே?"

"வந்தவ. பத்து மணிக்குத்தான் வந்தவ. பழைய நேரம் பத்து."

வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் எடுத்து, ஆமியின் சோதனையெல்லாம் கடந்து வந்தவளாம். வவுனியாவில் புது நேரம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இவர் ஊரை விட்டுப் போனபோது இருந்தது ஒரே ஒரு நேரம்தான். தனக்கென்று சொல்லி அனுப்பியவர் தங்களுடைய அந்த நேரத்தைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தாளாம். திரும்பிப் போகிற கடைசி வாகனம் வரும்வரைக்கும் அந்தக் கடையின் மரவாங்கில் குந்தியிருந்துவிட்டுப் போனாளாம். இதெல்லாம் இவருக்குத் தெரியவந்தபோது அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் யுத்தத்துக்குள் குமர்ப்பிள்ளையை வைத்திருக்கப் பயந்து தாய் தகப்பன்மார் கிடைத்த இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

"அப்ப உந்தக் குசினி மணிக்கூடு?"

"இதைக் கேள்விப்பட்ட பிறகு வாங்கினது."

எனக்கு வந்ததைப் பொறாமை என்று சொன்னால் அது சின்னச் சொல். நான் கதிரையில் ஏறி ஏறிச் சண்டை பிடித்தது ஒரு பெண்ணோடு. என்னுடைய குசினியில், என்னுடைய சட்டி பானைக்கு மேலே, அவளுடைய நேரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் புட்டு அவிக்கும்போது ஓடியிருக்கிறது, கறி தாளிக்கும்போது ஓடியிருக்கிறது. இன்னொருத்தியின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தால் கிழித்தாவது எறிந்திருக்கலாம். அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு நேரம் இருந்தது. எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது சாதகப் பொருத்தம் மட்டும்தான்.

அதன்பிறகு நான் அவரைச் சும்மா விடவில்லை. அவ வடிவோ? சிவலையோ? பாட்டுப் பாடுவாவோ? கேட்காத கேள்வி இல்லை. அவர் "மறந்துபோச்சப்பா" என்றால், பொய் சொல்கிறார் என்று கோபம் வரும். "கொஞ்சம் உயரம்" என்று ஏதாவது சொல்லித் தொலைத்தால், ஏன் இவ்வளவு ஞாபகம் என்று கோபம் வரும். ஒருநாள் அந்த மணிக்கூட்டின் பட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். பின்னேரம் அவர் மூலையில் இருந்த டெப்பனர் கடைக்குப் போய்ப் புதுப் பட்டரி வாங்கிவந்து போட்டார். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. அவர் இரண்டு அடி அடித்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது, அந்தப் பேசாமைதான் என்னைத் தின்றது.

கோடையில் எங்கள் பழைய காரில் இல்-பிசாருக்குப் போனோம். அங்கிருந்து லாவாலுக்கு ஆற்றைக் கடக்கிற படகில், காரோடு ஏறிப் போகலாம். நாங்கள் போய்ச் சேரவும் படகு கரையை விட்டு நகரவும் சரியாக இருந்தது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "அடுத்தது வரும்" என்றார்.

"எல்லாருக்கும் அடுத்தது வருமோ?" என்றேன்.

படகு வந்தது, ஏறினோம், லாவாலில் ஐஸ்கிறீம் குடித்தோம். எனக்கு ஐஸ்கிறீம் கசந்தது. நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவள் அன்றைக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் நான் எங்கே? பதில் தெரிந்த கேள்வியை யார் வாய்விட்டுக் கேட்பார்கள்?

அடுத்த வருடம், இரண்டாயிரத்து ஆறு சித்திரையில், தமிழ் ரேடியோவில் செய்தி சொன்னார்கள். இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டைத் திரும்பவும் பின்னுக்குத் தள்ளுகிறது. நாடு முழுவதும் இனிப் பழைய நேரம். நான் மா குழைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு காலமும் பிழையாக இருந்த அந்த மணிக்கூடு, ஒருவரும் தொடாமலே சரியாகிவிட்டது. நாட்டு அரசாங்கமே அவளுடைய பக்கம் போய்விட்டது.

அவர் குசினிக்குள் வந்தார். அவரும் கேட்டிருந்தார்.

"சந்தோசம்தானே?" என்றேன். "முழு நாடும் அவவின்ரை நேரத்துக்கு வந்திட்டுது. போய்த் தேங்காய் உடையுங்கோ."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அந்த மணிக்கூட்டைக் கழற்றினார். எனக்கு நம்பமுடியவில்லை.

"என்ன, இவ்வளவு நாளும் பூசை செய்துபோட்டு?"

"இனி ரெண்டு நேரம் இல்லைத்தானே. ஆரும் பிழைவிட ஏலாது" என்றார். கதிரையில் நின்றபடியே மணிக்கூட்டின் தூசியைச் சேர்ட் கையால் துடைத்தார். "உமக்கு நான் எடுத்த முதல் கோல் ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாமல்? அரை மணித்தியாலம் பிந்தி எடுத்தனீங்கள்."

"பிந்தி எடுக்கேல்லை. பன்னிரண்டுக்கே எடுத்தனான். நீர் வரேல்லை எண்டு கடைக்காரர் சொன்னார்."

என் கையில் மா ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

"போனை வச்சிட்டு, இதுவும் முடிஞ்சுதெண்டுதான் நினைச்சன். லைற்றை நூர்க்க வரேக்கை உதிலை கண் பட்டுது. உதிலை பன்னிரண்டாக இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது. ஒருவேளை நீரும் பழைய நேரத்துக்கு வருவீரோ எண்டு, உந்தக் கதிரையிலை இருந்து பார்த்து, உதிலை பன்னிரண்டு தாண்டினாப் பிறகு திரும்ப எடுத்தன்."

கடவுள் போட்ட முடிச்சு என்று அம்மா ஊர் முழுக்கச் சொன்னாரே, அந்த முடிச்சு இதுதான். ராகுவுக்குப் பயந்து அம்மா என்னை மறித்த அந்த அரை மணித்தியாலத்தை, முந்தியே ஒருத்தி ஒரு கடை வாங்கில் இருந்து பட்டு முடித்துவிட்டாள். அவள் அன்றைக்கு அங்கே போய் ஏமாந்திராவிட்டால் இந்த மனுசன் எனக்கு இரண்டாவது தரம் போன் எடுத்திருக்கமாட்டார். வராட்டி விருப்பமில்லை என்று என்னையும் விட்டிருப்பார். அவளுக்கு எடுக்காத கோல்தான் எனக்கு வந்திருக்கிறது. நன்றி சொல்லவேண்டியவள் மேல் இவ்வளவு காலமும் எரிந்துகொண்டிருந்திருக்கிறேன். அது தெரிந்த பிறகாவது எரிச்சல் அடங்கவேண்டாமா? கூடியதுதான் மிச்சம். நான் வாழ்கிற வாழ்க்கையின் கதவைத் திறந்துவிட்டதும் அவள்தானா?

"அந்தக் கோலை ஆருக்கு எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கோ, அவவுக்கோ?"

அவர் மணிக்கூட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு யோசித்தார். உடனே 'உமக்குத்தான்' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"எடுக்கேக்கை எனக்கும் தெரியாது" என்றார். "தூக்கினது நீர்."

நான் கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். "திரும்ப மாட்டுங்கோ" என்றேன். மாட்டினார்.

பட்டரி முடிந்தால் இப்போது நான்தான் ஏறி மாற்றுகிறேன். ஒருதரமும் அவளை நினைக்காமல் மாற்றியதில்லை.